என்ஜினைத் திட்டுவதற்கு முன் காற்றாடியைப் பாருங்கள்

பாகூர் கடற்கரையின் ஃபைபர் படகு முதல் ஊசுட்டேரியின் சுற்றுலாப் படகு வரை, வேகத்தையும் எரிபொருள் செலவையும் என்ஜினின் ஆயுளையும் முடிவு செய்வது தண்ணீருக்கு அடியில் சுழலும் ஒரு கைப்பிடி உலோகம். அதைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

பாகூர் என்றால் புதுச்சேரிக்காரர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது நெல். பெண்ணையாற்றுத் தண்ணீர் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாக வந்து பாகூர் ஏரியை நிரப்புகிறது. அதை நம்பித்தான் சுற்றுவட்டார வயல்கள். ஆனால் இதே கொம்யூனின் கிழக்கு ஓரத்தில் நரம்பை, பனித்திட்டு, மூர்த்திக்குப்பம் புதுக்குப்பம் என்று மீனவ ஊர்கள் இருக்கின்றன. அங்கே விளைச்சல் கடலில்.

வடக்கே போனால் தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகம், தெற்கே போனால் கடலூர். நடுவில் இருக்கும் இந்த ஊர்களுக்குத் துறைமுகம் இல்லை. படகைத் தள்ளி இறக்குவதும் இழுத்து ஏற்றுவதும் மணலில்தான். ஒருகாலத்தில் இந்தக் கரை முழுக்கக் கட்டுமரங்கள் கிடந்தன. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு வந்த நிவாரணத்தோடு ஃபைபர் படகுகள் பெருகின. ஃபைபரோடு சேர்ந்து என்ஜினும் நிரந்தரமானது. துடுப்பும் பாயும் செய்த வேலையை இன்று பெட்ரோலோ மண்ணெண்ணெயோ குடிக்கும் அவுட்போர்டு செய்கிறது. இல்லையென்றால் நீண்ட தண்டு கொண்ட டீசல் ‘லாங் டெயில்’ செய்கிறது.

படகு மந்தமாக ஓடினால் குற்றம் என்ஜின் மேல் விழும். கார்புரேட்டரைக் கழற்றுவார்கள், பிளக்கை மாற்றுவார்கள், அடுத்த மானியத்தில் கூடுதல் ஹெச்.பி. வாங்கலாம் என்று பேச்சு கிளம்பும். என்ஜின் கொடுக்கும் சக்தியைத் தண்ணீரிடம் ஒப்படைக்கிற காற்றாடியை, அதாவது புரொப்பல்லரை, யாரும் சந்தேகப்படுவதில்லை. என்ஜினோடு பெட்டியில் வந்தது, அது சரியாகத்தான் இருக்கும் என்பது பொதுவான நம்பிக்கை. இந்த நம்பிக்கைதான் பல படகுகளில் எரிபொருளை விழுங்குகிறது.

குடத்தின் மேல் இரண்டு எண்கள்

எந்தப் புரொப்பல்லரையும் கையில் எடுத்து, பிளேடுகள் சேரும் நடுக்குடத்தைத் துடைத்துப் பாருங்கள். பெரும்பாலும் இரண்டு எண்கள் பொறித்திருக்கும். 9¼ × 9 என்று இருந்தால் முதல் எண் விட்டம், இரண்டாவது எண் பிட்ச். இரண்டும் அங்குலக் கணக்கு.

விட்டம் எளிது: பிளேடுகளின் நுனிகள் சுழலும்போது வரையும் வட்டத்தின் அகலம். பிட்ச்சுக்குக் கொஞ்சம் கற்பனை வேண்டும். தண்ணீர் வழுக்காத, இறுகிய பொருளாக இருந்தால், காற்றாடி ஒரு சுற்றுச் சுற்றும்போது எவ்வளவு தூரம் முன்னேறுமோ, அதுதான் பிட்ச். 9 அங்குலப் பிட்ச் என்றால் ஒரு சுற்றுக்கு 9 அங்குலம். பிளேடு எவ்வளவு சாய்வாக முறுக்கியிருக்கிறது என்பதை இந்த எண் சொல்கிறது.

மோட்டார் சைக்கிளில் நான்காவது கியரில் மேடு ஏறினால் என்ன ஆகும்? என்ஜின் திணறும். படகில் பிட்ச்தான் அந்தக் கியர். பிட்ச் கூடினால் ஒரு சுற்றுக்குத் தள்ளும் தூரம் கூடும், என்ஜின் மேல் பாரமும் கூடும். பிட்ச் குறைந்தால் இழுவை எளிதாகும், உச்ச வேகம் குறையும். மோட்டார் சைக்கிளில் போகிற போக்கில் கியர் மாற்றலாம். சாதாரணப் படகில் அது முடியாது. கரையிலேயே, காற்றாடியைத் தேர்ந்தெடுக்கும்போதே, எந்தக் கியரில் பிழைப்பு நடத்தப் போகிறோம் என்று முடிவு செய்துவிட வேண்டும்.

பெட்டியில் வந்தது ஏன் பொருந்துவதில்லை?

அவுட்போர்டு என்ஜின் உலகம் முழுக்க விற்கும் சரக்கு. ஒரே 9.9 ஹெச்.பி. என்ஜின் ஒரு நாட்டில் இரண்டு பேர் உல்லாசமாகப் போகும் அலுமினியப் படகில் மாட்டப்படும். நம் ஊரில் அதே என்ஜின் ஆட்கள், வலை, ஐஸ், எரிபொருள், திரும்பி வரும்போது மீன் என்று எல்லாவற்றையும் சுமந்த 28 அடி ஃபைபர் படகைத் தள்ளுகிறது. முதல் படகுக்குப் பிட்ச் கூடிய காற்றாடி சரி. இரண்டாவது படகுக்கு அது சுமை.

சரியா இல்லையா என்று காட்டிக்கொடுப்பது என்ஜினின் சுற்று வேகம். ஒவ்வொரு என்ஜினின் கையேட்டிலும் ஆக்சிலேட்டரை முழுதாகத் திறக்கும்போது அது எட்ட வேண்டிய ஆர்.பி.எம். அளவு அச்சிட்டிருக்கும். சிறிய டூ-ஸ்ட்ரோக் என்ஜின்கள் பலவற்றுக்கு அது 4,500 முதல் 5,500 வரை. ஃபோர்-ஸ்ட்ரோக் பலவற்றுக்கு 5,000 முதல் 6,000 வரை. முழுச் சுமையோடு, முழு ஆக்சிலேட்டரில், அந்த வரம்பின் நடுவுக்கு மேலே என்ஜின் ஓடினால் காற்றாடி பொருத்தம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு படகில் 9 அங்குலப் பிட்ச் காற்றாடி இருக்கிறது. முழுச் சுமையில் என்ஜின் 4,400 ஆர்.பி.எம்.முக்கு மேல் ஏறவில்லை என்று வைத்துக்கொள்வோம். அடியில் இருக்கும் கியர் பெட்டியில் 13 பல், 27 பல் சக்கரங்கள் இருந்தால் என்ஜின் 2.08 சுற்று சுற்றும்போது காற்றாடி ஒரு சுற்று. ஆக, காற்றாடி நிமிடத்துக்கு 2,115 சுற்று. இதைப் பிட்ச்சால் பெருக்கி, 0.0015-ஆல் பெருக்கினால் மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்று தோராயமாக வந்துவிடும். இங்கே சுமார் 29 கி.மீ. ஆனால் ஜி.பி.எஸ். காட்டுவது 13 கி.மீ., அதாவது 7 நாட். மீதி வழுக்கலில் போகிறது. வழுக்கல் 55 சதவீதம்.

வழுக்கலே இல்லாத காற்றாடி கிடையாது. வழுக்கல்தான் தள்ளுவிசையைத் தருகிறது. ஆனால் பாதிக்கு மேல் வழுக்கி, என்ஜினும் தன் வரம்பின் கீழ் ஓரத்துக்குக்கூட வரவில்லை என்றால், அந்தப் படகுக்கு அந்தப் பிட்ச் அதிகம். பொதுவாகப் பிட்ச்சை 1 அங்குலம் குறைத்தால் சுமார் 150 முதல் 200 ஆர்.பி.எம். ஏறும் என்பது மெக்கானிக்குகளின் கைக்கணக்கு. இந்தப் படகில் 7 அங்குலக் காற்றாடி போட்டுப் பார்க்க வேண்டும்.

வரம்புக்குக் கீழே திணறும் என்ஜின் தன் முழுச் சக்தியையும் தருவதில்லை. 4,400-இல் ஓடும் 9.9 ஹெச்.பி. என்ஜின் உண்மையில் 9.9 ஹெச்.பி. கிடையாது. அதோடு எரிபொருள் முழுதாக எரியாமல் கரி படியும், பிஸ்டனுக்குச் சூடு ஏறும், ரிங் ஒட்டிக்கொள்ளும். இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. பிட்ச் மிகக் குறைந்தால் என்ஜின் வரம்பைத் தாண்டிக் கத்தும், படகு அதற்கேற்ற வேகம் எடுக்காது. இரண்டுமே என்ஜினைக் கொல்லும். முதலாவது மெதுவாக, சத்தமில்லாமல் கொல்வதால் கவனிக்கப்படுவதில்லை.

மண்ணெண்ணெயில் ஓடும் என்ஜினுக்கு இன்னொரு விஷயம். அது பெட்ரோலில் கிளம்பி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாறும். மண்ணெண்ணெயில் சக்தி சற்றுக் குறைவு. ஆகவே பெட்ரோலில் ஓட்டிப் பார்த்துச் சரியென்று தோன்றிய காற்றாடி, மண்ணெண்ணெய்க்கு மாறியதும் பாரமாகிவிடும். எதில் தொழில் செய்கிறோமோ அதில்தான் சோதிக்க வேண்டும்.

சோதனை ஓட்டம்: நான்கு விதிகள்

இதற்குப் பெரிய கருவி வேண்டாம். பிளக் வயரில் சுற்றி மாட்டும் சிறிய டாக்கோமீட்டர் ஒன்றும், ஜி.பி.எஸ். உள்ள கைப்பேசியும் போதும். பிளக் இல்லாத டீசல் என்ஜினுக்கு, சுழலும் பாகத்தில் பளபளப்பு நாடா ஒட்டி ஒளியால் எண்ணும் டாக்கோமீட்டர் இருக்கிறது.

முதல் விதி, தொழிலுக்குப் போகும் சுமையோடு ஓட்ட வேண்டும். காலிப் படகில் எந்தக் காற்றாடியும் நல்ல காற்றாடிதான். இரண்டாவது, ஒரே பாதையில் போகவும் வரவும் ஓட்டிச் சராசரி எடுக்க வேண்டும். நீரோட்டம் ஒரு பக்கம் கொடுத்து மறுபக்கம் பறிக்கும். மூன்றாவது, ஒரு தடவைக்கு ஒரு மாற்றம் மட்டுமே. காற்றாடியையும் என்ஜினின் உயரத்தையும் ஒன்றாக மாற்றினால் பலன் எதனால் வந்தது என்று தெரியாது. நான்காவது, எழுதி வைக்க வேண்டும். விட்டம், பிட்ச், சுமை, ஆர்.பி.எம்., வேகம், ஒரு மணி நேரத்துக்குக் குடித்த எரிபொருள். இந்த ஆறு விவரமும் ஒரு நோட்டில் இருந்தால், அடுத்த காற்றாடி வாங்கும்போது கடைக்காரர் சொல்வதை நம்பி நிற்க வேண்டியதில்லை.

லாங் டெயிலின் தனிக்கதை

தாய்லாந்து நதிகளில் பிரபலமான லாங் டெயில் அமைப்பு நம் கரைக்குப் பொருந்திப் போனதற்குக் காரணம் மணல்தான். காற்றால் குளிரும் டீசல் என்ஜின், அதிலிருந்து நீளும் தண்டு, நுனியில் காற்றாடி. ஆழம் குறைந்த இடத்தில் என்ஜினை ஒரு பக்கம் அழுத்தினால் காற்றாடி மேலே வந்துவிடும். மணல் திட்டையும் விரித்த வலையையும் இப்படித் தாண்டலாம். ஒரு குதிரைத் திறனுக்கு டீசல் என்ஜின் குடிக்கும் எரிபொருள், டூ-ஸ்ட்ரோக் பெட்ரோல் என்ஜின் குடிப்பதில் ஏறக்குறைய பாதி. செலவுக் கணக்கில் அது பெரிய லாபம்.

ஆனால் கியர் குறைப்பு இல்லாமல் நேரடியாக இணைத்த தண்டில், என்ஜின் சுற்றும் வேகத்திலேயே காற்றாடியும் சுற்ற வேண்டும். அதனால் காற்றாடி சிறியதாக இருந்தே தீர வேண்டும். இங்கேதான் விட்டத்தின் வலிமை தெரியும். ஒரே வடிவமுள்ள காற்றாடி ஒரே சுற்று வேகத்தில் இழுக்கும் சக்தி, விட்டத்தின் ஐந்தாம் அடுக்கில் ஏறி இறங்குகிறது. 8 அங்குலக் காற்றாடியின் விட்டத்தை அரை அங்குலம் குறைத்து 7½ ஆக்கினால், கணக்குப்படி என்ஜின் மேல் இருக்கும் பாரம் கால் பங்குக்கும் மேல் குறைந்துவிடும்.

கரும்புகை கக்கும் டீசல் என்ஜினுக்குப் பட்டறையில் கிரைண்டரால் பிளேடு நுனியைச் சீவிவிடும் பழக்கம் இந்த உண்மையின் மேல்தான் நிற்கிறது. புகை நிற்கும், என்ஜின் மூச்சு விடும். ஆனால் கண் மதிப்பில் சீவினால் ஒரு பிளேடு ஒரு மில்லிமீட்டர் கூடவும் இன்னொன்று குறையவும் செய்யும். அந்தச் சமமின்மை தண்டை அதிர வைத்து, பேரிங்கையும் புஷ்ஷையும் தின்றுவிடும். சீவித்தான் ஆக வேண்டும் என்றால் அட்டையில் ஒரு பிளேடின் வடிவத்தை வெட்டி, மற்ற பிளேடுகளை அதற்கு ஒப்பிட்டுச் சீவ வேண்டும். பிறகு நடுத்துளையில் வழுவழுப்பான கம்பியைச் செருகிக் கிடையாகத் தாங்கிப் பிடித்துச் சுழற்ற வேண்டும். எப்போதும் ஒரே பிளேடு கீழே வந்து நின்றால் அது கனம், இன்னும் தேய்க்க வேண்டும். விட்டத்தைக் குறைப்பதால் தள்ளுவிசையும் கொஞ்சம் போகும் என்பதையும் மறக்கக் கூடாது. பிட்ச் குறைந்த காற்றாடி கிடைத்தால் அதுவே முதல் தேர்வு.

உடைந்த திருகு, வேகம் குறைந்த கப்பல்

காற்றாடியின் வரலாறே சோதித்துப் பார்த்தவர்களின் வரலாறுதான். 1836-இல் இங்கிலாந்தின் ஃபிரான்சிஸ் பெட்டிட் ஸ்மித் கப்பலைத் தள்ளும் திருகுக்குக் காப்புரிமை பெற்றார். அது இன்றைய பிளேடுகளைப் போல இல்லை. இரண்டு முழுச் சுற்று முறுக்கிய நீண்ட மரத் திருகு. 1837-இல் லண்டன் கால்வாயில் சோதனை ஓட்டத்தின்போது அது எதிலோ மோதிப் பாதி உடைந்து போனது. படகு நிற்கவில்லை, முன்பைவிட வேகமாகப் போனது. நீளமான திருகு தேவையற்ற உராய்வைத் தந்துகொண்டிருந்தது அப்போதுதான் தெரிந்தது.

1894-இல் சார்லஸ் பார்சன்ஸ் நீராவி டர்பைன் பொருத்திய ‘டர்பினியா’ கப்பலை ஓட்டினார். சக்தி ஏராளமாக இருந்தும் 20 நாட் வேகத்தைத் தாண்டவில்லை. மிக வேகமாகச் சுற்றிய ஒற்றைக் காற்றாடியின் பிளேடுகளில் அழுத்தம் விழுந்து, தண்ணீர் சாதாரண வெப்பத்திலேயே ஆவிக் குமிழிகளாக மாறிக்கொண்டிருந்தது. கேவிட்டேஷன் என்று இன்று சொல்லப்படுவது இதுதான். பார்சன்ஸ் அதைக் கண்ணால் பார்ப்பதற்கென்றே 1895-இல் ஒரு சோதனைத் தொட்டி கட்டினார். பிறகு மூன்று தண்டுகள், தண்டுக்கு மூன்று என்று ஒன்பது காற்றாடிகள் மாட்டினார். 1897-இல் டர்பினியா 34 நாட்டைத் தாண்டி, உலகின் வேகமான கப்பல் ஆனது. அந்தப் பாய்ச்சலில் பெரும் பங்கு, பலத்தைத் தண்ணீரில் இறக்கிய விதம் மாறியதற்கு உண்டு.

அலை உடையும் இடத்தில்

துறைமுகத்திலிருந்து கிளம்பும் படகுக்கும் மணலிலிருந்து கிளம்பும் படகுக்கும் காற்றாடித் தேவை ஒன்றில்லை. பாகூர்க் கரைப் படகு முதலில் உடையும் அலையைத் தாண்ட வேண்டும். அந்தச் சில நிமிடங்களில் உச்ச வேகம் எதற்கும் உதவாது. நின்ற நிலையிலிருந்து அடுத்த அலை வருவதற்குள் படகை உந்திவிடும் தள்ளுவிசைதான் உயிர்காக்கும். அதைத் தருவது பிட்ச் குறைந்த, பிளேடு அகலம் கூடிய காற்றாடி. பிட்ச் கூடியது, குறைந்தது இரண்டும் ஏறக்குறைய பொருந்துகின்றன என்றால், இந்தக் கரையில் பிட்ச் குறைந்ததையே எடுக்க வேண்டும்.

அலையில் படகின் பின்பகுதி தூக்கும்போது காற்றாடி தண்ணீரைவிட்டு வெளியே வந்துவிடும். பாரம் இல்லாத என்ஜின் அலறும். திரும்பத் தண்ணீரைக் கடிக்கும்போது கியருக்கு அடி விழும். அதனால்தான் அனுபவசாலிகள் அந்த நொடியில் ஆக்சிலேட்டரைத் தளர்த்துகிறார்கள். தூக்காமலேயே சில படகுகளில் என்ஜின் திடீரென்று கத்தும், படகு நின்றதுபோல் ஆகும். அது மேற்பரப்பிலிருந்து காற்று உள்ளே இழுபட்டு, பிளேடு நுரையில் சுற்றுவதால் வருவது. இதையும் பலர் கேவிட்டேஷன் என்கிறார்கள். காரணம் வேறு, மருந்தும் வேறு.

இதற்கு மருந்து பெரும்பாலும் என்ஜின் மாட்டிய உயரத்தில் இருக்கிறது. காற்றாடிக்கு நேர் மேலே கிடையாக ஒரு தட்டு இருக்கும். அந்தத் தட்டு படகின் அடிமட்டத்தோடு சமமாகவோ, ஓர் அங்குலம் வரை கீழேயோ இருக்க வேண்டும். மேலே இருந்தால் காற்று இழுக்கும். மிகக் கீழே இருந்தால் தண்ணீரின் இழுப்பு கூடி வேகம் போகும். என்ஜின் வாங்கும்போதே இதைக் கவனிக்க வேண்டும்: பின்பலகை உயரம் சுமார் 15 அங்குலம் உள்ள படகுக்குக் குட்டைத் தண்டு, சுமார் 20 அங்குலம் உள்ளதற்கு நீளத் தண்டு. தண்டின் அளவே தவறினால் எந்தக் காற்றாடியும் காப்பாற்றாது.

அடுத்தது சாய்வு. என்ஜினைத் தாங்கும் கிளாம்பில் ஊசி செருகும் துளைகள் வரிசையாக இருக்கும். ஊசியைப் பின்பலகைப் பக்கமாக மாற்றினால் அணியம் (படகின் முன்பகுதி) தாழும், தள்ளி மாற்றினால் அணியம் தூக்கும். முழுச் சுமையில் தண்டு தண்ணீருக்குச் செங்குத்தாக நிற்கும் துளைதான் தொடக்கம். அணியம் அலையில் குத்தினால் ஒரு துளை தள்ளி, தேவைக்கு மேல் தூக்கித் தத்தினால் ஒரு துளை உள்ளே. காசு செலவில்லாத சீரமைப்பு இது ஒன்றுதான்.

ஏரியும் உப்பங்கழியும்

வில்லியனூர் கொம்யூனுக்குக் கடல் இல்லை. சங்கராபரணி ஆறு இருக்கிறது, தமிழ்நாட்டோடு பங்குபோட்டுக்கொள்ளும் ஊசுட்டேரி இருக்கிறது. 2008-இல் புதுச்சேரி அரசு ஏரியின் தன் பகுதியைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. அங்கே எந்தப் படகுக்கும் வேகம் தேவையில்லை. அலையெழுப்பாமல், சத்தமில்லாமல் போக வேண்டும். குறைந்த சுற்றில் ஓடும் பெரிய விட்டக் காற்றாடிதான் அதற்கு ஏற்றது. பாசியும் கொடியும் உள்ள நீரில், பின்னோக்கி வளைந்த பிளேடுகள் கொண்ட காற்றாடி செடியை உதறிவிட்டுப் போகும். நேர் விளிம்புள்ள பிளேடில் செடி சுற்றிக்கொள்ளும்.

நோணாங்குப்பம் சுண்ணாம்பாறு படகுத் துறையின் தேவை மூன்றாவது வகை. பயணிகளை ஏற்றிக்கொண்டு உப்பங்கழி வழியே கடற்கரைத் திட்டுக்குப் போய் வர வேண்டும். நாள் முழுக்கக் கிளம்புவதும் நிறுத்துவதும் பின்னால் எடுப்பதுமே வேலை. இப்படிப்பட்ட வேலைக்கு மூன்று பிளேடைவிட நான்கு பிளேடு நல்ல பிடி தரும், அதிர்வும் குறைவு. உச்ச வேகத்தில் சிறிது இழப்பு வரும், உப்பங்கழியில் அதற்கு மதிப்பில்லை. சில நிறுவனங்கள் இத்தகைய பாரப் படகுகளுக்கென்றே கூடுதல் கியர் குறைப்போடு என்ஜின் செய்கின்றன. யமஹாவின் ‘ஹை த்ரஸ்ட்’ 9.9 ஹெச்.பி. என்ஜினில் கியர் விகிதம் 2.08-க்குப் பதில் 2.92. காற்றாடி மெதுவாகச் சுற்றும், ஆகவே விட்டம் பெரிதாக இருக்கலாம்.

இதன் பின்னால் இருப்பது ஓர் எளிய இயற்பியல்: கொஞ்சம் தண்ணீரை வேகமாகப் பின்தள்ளுவதைவிட, நிறையத் தண்ணீரை மெதுவாகப் பின்தள்ளுவது சிக்கனம். பாரமான, மெதுவான படகு எதுவானாலும் இந்த விதி பொருந்தும்.

குளிக்கும் மனிதர்கள் இருக்கும் இடங்களில் காற்றாடியைச் சுற்றிக் கூண்டு போடுவது வேகத்தைக் கொஞ்சம் குறைக்கும். போட வேண்டிய இடத்தில் அந்த இழப்பைக் கணக்குப் பார்க்கக் கூடாது. ஓட்டுநரின் கையில் கட்டி, அவர் விழுந்தால் என்ஜினை நிறுத்தும் கயிற்றுக்கும் இதே நியாயம்தான்.

எரிபொருள் கணக்கு

சிறு மீன்பிடிப் படகுகளின் எரிபொருள் சிக்கனத்தைப் பற்றி நம் கரையிலேயே ஆராய்ச்சி நடந்திருக்கிறது. ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு 1979-இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கிய வங்காள விரிகுடாத் திட்டம், அலை தாண்டிக் கரையேறும் படகுகளையும், மணலில் தட்டாமல் தூக்கிக்கொள்ளும் காற்றாடி அமைப்பையும் வடிவமைத்தது. அதில் பணியாற்றிய நார்வே படகு வடிவமைப்பாளர் ஓய்விந்த் குல்பிராண்ட்சன், சிறு மீன்பிடிப் படகுகளின் எரிபொருள் சேமிப்புக்காக எழுதிய கையேட்டை 2012-இல் உணவு வேளாண்மை அமைப்பு வெளியிட்டது. வேகத்தைக் கொஞ்சம் குறைப்பதும், பெரிய காற்றாடியை மெதுவாகச் சுற்றுவதும்தான் எரிபொருளைச் சேமிக்கும் வழிகளில் முக்கியமானவை.

காரணம் கணக்கில் இருக்கிறது. காற்றாடி கேட்கும் சக்தி, சுற்று வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறுகிறது. ஆர்.பி.எம்.மைப் பத்தில் ஒரு பங்கு குறைத்தால் தேவைப்படும் சக்தி 27 சதவீதம் குறையும். போய்ச் சேர நேரம் கொஞ்சம் கூடும். அதைக் கழித்தாலும் அதே தூரத்துக்கு எரிபொருள் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு மிச்சம். தண்ணீரில் படியும் நீளம் 25 அடி உள்ள பாரப் படகுக்கு சுமார் 6.7 நாட், அதாவது மணிக்கு 12 கி.மீ. சொச்சம், இயல்பான எல்லை. அதற்கு மேல் ஒவ்வொரு கிலோமீட்டர் வேகத்துக்கும் படகு தன் சொந்த அலையின் மேல் ஏற வேண்டியிருக்கும். ஏலத்துக்கு முதலில் போய்ச் சேர வேண்டிய நாளில் அந்த விலையைக் கொடுக்கலாம். தினமும் கொடுத்தால் பங்கு பிரிக்கும்போது தெரியும்.

ஒன்றைத் தெளிவாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். முழு ஆக்சிலேட்டரில் என்ஜின் தன் வரம்பை எட்டுகிறதா என்பது காற்றாடியைத் தேர்ந்தெடுக்கும் சோதனை. தேர்ந்தெடுத்த பிறகு தினமும் முக்கால் ஆக்சிலேட்டரில் ஓட்டுவது சிக்கனம். முதலாவதைச் செய்யாமல் இரண்டாவதை மட்டும் செய்தால் பாதிப் பலன்தான்.

காற்றாடியைக் காப்பது

நல்ல காற்றாடியும் ஒரு பருவத்தில் கெட்டுப் போகலாம். மணல் பிளேடின் முன் விளிம்பை அரம்போல் தேய்க்கும். ஒரு சிறு பள்ளமும் வளைந்த நுனியும் போதும், அதிர்வும் எரிபொருள் இழப்பும் தொடங்கிவிடும். சிறு பள்ளங்களை அரத்தால் தேய்த்துச் சமன் செய்யலாம். நுனி வளைந்த அலுமினியக் காற்றாடியைச் சுத்தியலால் நிமிர்த்துவது ஆபத்து, விரிசல் விடும்.

பெரிய எதிரி நைலான் நூல். வலையிலிருந்து அறுந்த நூல் காற்றாடிக்கும் கியர் பெட்டிக்கும் நடுவே தண்டில் சுற்றி, ஆயில் சீலை அறுத்துவிடும். தண்ணீர் உள்ளே புகும். மாதம் ஒருமுறையாவது காற்றாடியைக் கழற்றி, தண்டைத் துடைத்து, உப்புநீருக்கேற்ற கிரீஸ் தடவி மாட்ட வேண்டும். கியர் ஆயில் பால்போல் வெளுத்திருந்தால் சீல் போய்விட்டது என்று பொருள். அன்றே மாற்றாவிட்டால் செலவு கியர் பெட்டிக்குப் போகும்.

சிறிய அவுட்போர்டு பலவற்றில் காற்றாடியைத் தண்டோடு இணைப்பது ஒரு மெல்லிய ஊசி. காற்றாடி எதிலாவது மோதினால் அந்த ஊசி அறுந்து கியரைக் காக்கும். அறுகிறதே என்று அதற்குப் பதில் இரும்பு ஆணி செருகுவது, ஃபியூஸ் போகிறதே என்று மின்கம்பியைச் சுற்றிய கதையாக முடியும். மாற்று ஊசிகளைப் படகில் வைத்துக்கொள்வதுதான் வழி. சற்றே பெரிய என்ஜின்களில் குடத்துக்குள் ரப்பர் புஷ் அந்த வேலையைச் செய்கிறது. என்ஜின் சுற்று ஏறுகிறது, படகு நகரவில்லை என்றால் ரப்பர் வழுக்குகிறதா என்று பார்க்க வேண்டும். தண்டிலும் குடத்திலும் நேராக ஒரு கோடு போட்டு ஓட்டிப் பார்த்தால், கோடு விலகுவதில் தெரிந்துவிடும்.

ஊருக்கு ஒரு செட்

காற்றாடி வாங்குவதில் ஒரு நடைமுறைச் சிக்கல் இருக்கிறது. மாட்டி ஓட்டிப் பார்க்காமல் பொருத்தம் தெரியாது. ஓட்டிய காற்றாடியைக் கடைக்காரர் திருப்பி எடுக்க மாட்டார். தனி ஆளுக்கு இது கட்டுப்படியாகாது. ஊருக்குக் கட்டுப்படியாகும். ஒரே வகை என்ஜின் பத்திருபது படகுகளில் இருக்கும் ஊரில், 7, 8, 9 அங்குலப் பிட்ச்சில் ஒவ்வொரு காற்றாடியும் ஒரு டாக்கோமீட்டரும் கூட்டுறவுச் சங்கத்தில் இருந்தால் போதும். ஒவ்வொருவரும் வாங்கிப் போய் மாட்டி, தன் படகுக்கு எது சரியென்று கண்டுபிடித்து, அதற்குப் பிறகு காசைச் செலவிடலாம்.

என்ஜினுக்கு மானியம் கொடுக்கும் அரசுத் துறையும் இதைச் செய்யலாம். புதிய என்ஜினை ஒப்படைக்கும் நாளிலேயே முழுச் சுமையில் ஒரு சோதனை ஓட்டம் நடத்தி, பொருந்தும் காற்றாடியையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். மானியத் தொகையில் அது மிகச் சிறிய பங்கு.

அதுவரை ஒவ்வொரு படகுக்காரரும் செய்யக்கூடியது ஒன்று. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். சிறு படகுகளுக்கு அது பொருந்தாவிட்டாலும், பட்டறைகளும் மெக்கானிக்குகளும் பழுது வேலையில் இறங்கும் மாதங்கள் அவை. அந்தச் சமயத்தில் காற்றாடியைக் கழற்றி, குடத்தைத் துடைத்து, எண்களைக் குறித்துக்கொண்டு, ஒரு முழுச் சுமை ஓட்டம் ஓட்டிப் பாருங்கள். என்ஜின் கையேட்டில் அச்சிட்ட ஆர்.பி.எம்.மை எட்டவில்லை என்றால் புதிய என்ஜினுக்கு விண்ணப்பம் போடாதீர்கள். முதலில் பிட்ச்சைக் குறையுங்கள்.